காக்கா விரட்டிய மகனுக்கு

மகனே, சலாம். நீ சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வழியில்லை. மதியம் வஞ்சிரக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு நீ மாடியில் விடும் குறட்டை இங்கே அடுப்படி வரைக்கும் கேட்கிறது. சுகமாகத்தான் இருக்கிறாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாயால் சொன்னால் நீ போனைப் பார்த்துக்கொண்டே "சரி உம்மா, சரி உம்மா" என்பாய். நான் என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேட்டால் விழிப்பாய். எழுதினால் படித்துத்தான் ஆக வேண்டும். உறையை ஒட்டப் போவதில்லை. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு முதல்முறையாக வளைகுடாவுக்குப் பெட்டி கட்டுகிற எந்தப் பிள்ளையும் இதைப் படிக்கலாம். பாம்பனில் மட்டும் இந்த வருஷம் அப்படி எத்தனையோ பேர் கிளம்புகிறார்கள், அவர்களுக்கும் ஒரு உம்மா இருப்பாள், அவளுக்கு எழுத நேரம் இருக்காது.

இன்று மதியம் சாப்பாட்டில் நீ சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. உன் வாப்பா அக்கறையாகத்தான் கேட்டார்: "அந்தப் புள்ள அங்கன பகல் பூராம் தனியா என்ன செய்யும்?" நீ மீன் முள்ளை எடுத்தபடியே சொன்னாய்: "அவளுக்கு என்ன கவலை வாப்பா? ஏசி இருக்கு, டிவி இருக்கு, வைஃபை இருக்கு. ஆர்டர் பண்ணா சோறு வாசலுக்கு வந்துரும். ஜாலியா பொழுது போகும்." அதைச் சொல்லிவிட்டு ரசம் கேட்டாய். ரசம் ஊற்ற வந்த உன் பெண்டாட்டி சபீனாவின் கை அப்படியே நின்றதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஏனென்றால் இதே பட்டியலை, இதே வரிசையில், உன் வாயால் நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நீ மறந்துவிட்டாய். சுகம் வந்ததும் மறந்துபோகிற ஆள் நீ, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்கு மறக்காது.

கொரோனா வந்த வருஷம் உன் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது, நீயும் சிறப்பு விமானத்தில் இடம் பிடித்து வந்து சேர்ந்தாய். நேராக வீட்டுக்குள் வரக்கூடாது, இரண்டு வாரம் ஒரு அறையில் தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உனக்கு மாடி அறையை ஒழித்து வைத்தோம். வெளிப்படி வழியாகவே ஏறிப் போனாய். உன்னைத் தொட்டுப் பார்க்க முடியவில்லையே என்று நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீயோ ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன உம்மா அழுகுறீங்க? ரெஸ்ட் உம்மா ரெஸ்ட்! ஏசி இருக்கு, டிவி இருக்கு, வைஃபை இருக்கு, நீங்க வேளாவேளைக்குச் சோறு அனுப்பப் போறீங்க. எனக்கு என்ன கவலை?" என்றாய். வாசலில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். தெருவில் எல்லோரும் நம் வீட்டைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடந்தார்கள்.

நீ சும்மாவும் வரவில்லை. பொழுதுபோக்குக்கென்றே ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தாய். குதிக்கிற கயிறு, படம் வரைகிற நோட்டு, கலர் பென்சில். போனில் ஏற்றி வைத்த படங்கள் ஒரு வருஷத்துக்குக் காணும். ஒரு நாள் காபித்தூளையும் சீனியையும் நுரை வரும்வரை அடித்து, பால்மேல் மிதக்க விட்டு, ஜன்னலில் வைத்துப் போட்டோ எடுத்தாய். ஒரு நாள் நீ கயிறு குதித்ததில் கீழே என் தலையில் சுண்ணாம்பு கொட்டியது. கீழே உன் வாப்பாவுக்கும் அதே பொழுதுபோகாத நோய்தான். வலைக்கடை பூட்டிக் கிடந்ததால் பரோட்டா போடக் கற்றுக்கொள்கிறேன் என்று இறங்கினார். எல்லாப் பரோட்டாவும் இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. நீங்கள் இருவரும் பொழுது போகவில்லை, பொழுது போகவில்லை என்று மேலேயும் கீழேயும் மாறி மாறிச் சொன்னீர்கள். எனக்குப் பொழுது போகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதை இங்கே சும்மா எழுதி வைக்கிறேன்.

முதல் வாரம் முடிவதற்குள் உன் சத்தம் குறைந்துபோனது. படம் எதையும் முழுசாகப் பார்க்க முடியவில்லை என்றாய். நோட்டில் ஒரு படகை வரைந்து பாதியில் விட்டிருந்தாய். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், சும்மா இருக்கிறவன் கையில் வேலையைக் கொடுப்பது. கயிறு கட்டிய வாளியில் சின்ன வெங்காயத்தைப் போட்டு மேலே ஏற்றினேன். "உரிச்சு வையி, கறிக்கு வேணும்" என்றேன். நீ ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து உரித்தாய். தோல் ஒன்றுகூட ஒட்டாமல், காம்பு கிள்ளி, அவ்வளவு சுத்தமாக உரித்து, வாளியை நீயே இறக்கிவிட்டாய். உன் வாப்பா குச்சியால் வாளியைத் தள்ளிக்கொண்டு போய், முருங்கை மரத்தடியில் கவிழ்த்தார். மாடியிலிருந்து வந்த எதையும் அடுப்படிக்குள் விடக்கூடாது என்பது அவர் சட்டம். அவர் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், அன்றைக்கு எல்லோருக்கும் உயிர்ப் பயம். ஆனால் நீ ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் உன் ஜன்னல் திரை திறக்கவில்லை. காலையில் வைத்த இட்லி படியிலேயே இருந்தது, மதியச் சோறும் அப்படியே இருந்தது. கூப்பிட்டால் "ம்" என்றாய். காய்ச்சலா என்றால் இல்லை என்றாய். உடம்பு வலியா என்றால் இல்லை என்றாய். கொரோனா வந்துவிடுமோ என்று பயந்ததைவிட அந்த "ம்" எனக்கு அதிகப் பயமாக இருந்தது. மேலே ஓடி வந்து கதவை உடைத்து உன்னை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. உன் வாப்பா படியின் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரே எனக்கு முன்னால் ஓடிவிடுவார் போலத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம்தான் சுகாதாரத்துறையிலிருந்து அந்த அம்மா வந்தார். கடலாடிப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தினமும் உனக்குப் போன் போட்டு, காய்ச்சல் இருக்கிறதா, வீட்டில்தான் இருக்கிறாயா என்று கேட்பது அவர் வேலை. அன்றைக்குப் பார்த்து நீ கட்டிலைக் கடல் பக்கத்து மூலைக்கு இழுத்துப் போட்டுப் படுத்திருக்கிறாய். நம் தீவில் மாடியில் கிடக்கிற போன் சில சமயம் அக்கரை டவரைப் பிடித்துக்கொள்ளும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கடலாடிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவர் போட்ட போனில் யாரோ ஒரு பெண் பதிவுக் குரலில் சிங்களத்தில் பேசியிருக்கிறாள். அவ்வளவுதான், ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்து, வாசலுக்கு நாலடி தள்ளி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரே கத்தல்: "உங்க மகன் எங்கம்மா? போனு இலங்கைக்குப் போயிருச்சு! ஆளு எங்க?"

உன் வாப்பா பதறிப்போய், "போனு போயிருக்கலாம்மா, அவனுக்கு நீச்சலே தெரியாது!" என்றார். தெருவே திறந்துகொண்டது. ஒரு வாரமாக நம் வாசலைப் பார்க்காமல் நடந்த அத்தனை பேரும் ஜன்னலிலும் மொட்டைமாடியிலும் நின்று உன்னைத் தேடினார்கள். பக்கத்து மனையில் கருவாடு காயப்போட்டிருந்த ஜெபமாலை அக்கா மட்டும், "ஆத்தாடி, படகேறிட்டானா?" என்று மார்பில் கை வைத்தார். நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அந்த அம்மா கத்தினார். உன் வாப்பா கத்தினார். கடைசியில் திரை விலகியது. தாடியும் தலையுமாக நீ வெளியே தலையை நீட்டி, உன் நெஞ்சில் இத்தனை நாளாக இருந்த அத்தனையையும் சேர்த்து ஒரு கத்துக் கத்தினாய் பார்: "இங்கனதான் இருக்கேன்! நான் எங்கயும் போகல! இங்கனதான் கெடக்கேன்!"

நீ போட்ட சத்தத்தில் கருவாட்டின் மேல் உட்கார்ந்திருந்த காகங்கள் மொத்தமும் எழும்பிப் பறந்துவிட்டன. வாங்க ஆள் வராததால் நாட்டுப்படகுகளில் வந்த மீனெல்லாம் அப்போது கருவாடாகிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள காகமெல்லாம் அந்த மனையில்தான் குடியிருந்தது. ஜெபமாலை அக்கா பறந்த காகங்களைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "ஏலே, இன்னொருக்கா கத்துலே!" என்றார். நீ விழித்தாய். "சும்மாதானலே கெடக்க? நான் ஒத்த ஆளு, மீனக் கழுவுவேனா, இதுகள வெரட்டுவேனா? காக்காவ வெரட்டு!" என்றார். நம் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன். எதிர்வீட்டில் உன் பெரியாப்பா மகன் வாசலுக்கு வந்து, "என்னைய எதுக்கு வெரட்டச் சொல்றீக?" என்று கேட்டார். முதலில் சிரித்தது அந்தக் கடலாடி அம்மா. அப்புறம் நீ சிரித்தாய். உன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் உள்ளே போய்த் தனியாக அழுதேன்.

மறுநாள் சூரியன் ஏறுவதற்கு முன்னால் உன் ஜன்னல் திறந்தது. இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் இரண்டு கேட்டாய். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதும் ஒரு வித்தை செய்தாய். ஜன்னலிலிருந்து நீளமாகக் கயிற்றை எறிந்து, மனைக்கு அந்தப் பக்கக் கம்பத்தில் கட்டச் சொல்லி, நடுவில் பழைய டப்பாக்களைத் தொங்க விட்டாய். நீ மேலே இருந்து ஒரு இழு இழுத்தால் தெருவே அதிரும். சாலையோரம் தூங்குகிற நாய்களெல்லாம் உனக்குப் பகையானது. "அக்கா, நெத்திலி காஞ்சிருச்சு, பொரட்டிப் போடுங்க!" "அக்கா, கெழக்க கருக்குது, மழ வரும், அள்ளுங்க!" என்று மாடியிலிருந்து நீ உத்தரவு போட, ஜெபமாலை அக்கா கீழே இருந்து பதிலுக்கு ஏச, நாங்கள் மூன்று வேளையும் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம். பெரிய கம்பெனியில் கணக்கு எழுதியவன், காகத்துக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒற்றைக்கால் காகத்துக்கு உன் மேனேஜர் பெயரை வைத்தாய். தனிமை முடிந்து கீழே வரலாம் என்று சொன்ன அன்றைக்கு உன் வாப்பா ஆசையாகக் கூப்பிடுகிறார், நீ என்ன சொன்னாய் தெரியுமா? "இருங்க வாப்பா, அக்கா இன்னும் சாளைக் கருவாட்ட அள்ளல." அந்தப் பையில் இருந்த கலர் பென்சில் இன்றைக்கும் சீவாமல் அலமாரியில் இருக்கிறது.

இதை நான் உன்னைக் கேலி செய்ய எழுதவில்லை. கொஞ்சம் கேலிக்கும்தான். ஆனால் நீ யோசித்துப் பார். வெங்காயம் உரித்ததும் வேலைதான், காகம் விரட்டியதும் வேலைதான். வெங்காயத்தைவிடக் காகம் ஒன்றும் உசத்தி இல்லை. வெங்காயம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கருவாடு ஒருத்திக்கு வேண்டியிருந்தது. நீ எழுந்திருக்காவிட்டால் கீழே ஒரு மனுஷிக்கு அன்றைக்குப் பிழைப்பு போய்விடும் என்று தெரிந்ததும் நீ எழுந்தாய். கை சும்மா இருக்கக்கூடாது என்று நம் பெரியவர்கள் நம்மை வளர்த்தார்கள், நானும் அப்படியே உன்னை வளர்த்தேன். கை மட்டும் போதாது என்று அந்த மாடிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஏசி, டிவி, வைஃபை, வாசலுக்கு வரும் சோறு எல்லாம் உனக்கும் இருந்தது. சுற்றிலும் பெற்றவர்கள் வேறு இருந்தோம். அப்படியும் நீ ஒரு வாரம் தாங்கவில்லை.

இப்போது சபீனாவுக்கு வா. தேவிபட்டினத்திலிருந்து இங்கே வாழ வந்து இரண்டு வருஷம், அதில் நீ கூட இருந்தது இரண்டு லீவு. மீதி நாளெல்லாம் அவள் என்ன செய்கிறாள் என்று நீ போனில் கேட்பாய், அவள் "சும்மாதான் இருக்கேன்" என்பாள். அது மரியாதைக்குச் சொல்வது. சாயங்காலம் ஆனால் பாலத்துப் பக்கத்துத் திடலில் போய்ப் பார். நம் தெருவில் ஸ்கூட்டி ஓட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது உன் பெண்டாட்டிதான். புர்காவை எப்படி மடித்துச் செருகினால் சக்கரத்தில் சிக்காது என்பதிலிருந்து, பாலத்தில் காற்று தள்ளும்போது கைப்பிடியை எப்படிப் பிடிப்பது என்பது வரைக்கும் சொல்லித் தருகிறாள். ஜெபமாலை அக்காவின் மருமகள் இப்போது மீன்கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு அக்காள்மடம் வரை போய் விற்றுவிட்டு வருகிறாள். அவளுக்கும் இவள்தான் வாத்தியார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என் முழங்காலில் பெரிய கட்டு இருந்ததே, படியில் இடித்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னேனே, படி ஒன்றும் இடிக்கவில்லை. திடலில் இருக்கிற வேப்பமரம் இடித்தது. இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன், உன் வாப்பா பின்னால் உட்காரத்தான் மறுக்கிறார்.

அப்படிப்பட்ட பெண்ணைத்தான் ஷார்ஜாவில் பதினோராவது மாடியில் கொண்டுபோய் வைக்கப் போகிறாய். நீ நல்ல பிள்ளை. அவளுக்குப் பொழுது போகவில்லை என்றால் ஓடி ஓடி வாங்கிப் போடுவாய். தையல் மெஷின் வாங்குவாய், ஓடுகிற மெஷின் வாங்குவாய், கேக் செய்கிற அடுப்பு வாங்குவாய். நான் இப்போதே சொல்கிறேன், அதெல்லாம் வெங்காயம். வாங்காதே என்று சொல்லவில்லை, அவள் கேட்டால் வாங்கு. ஆனால் வாங்கிப் போட்டுவிட்டால் உன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. போய்ச் சேர்ந்த மாதத்திலேயே அவளைக் கார் ஓட்டக் கற்றுத்தரும் இடத்தில் சேர்த்துவிடு. அங்கே லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம் என்பாய். கிடைக்கும்வரை அவள் விடமாட்டாள், நீ குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். கட்டடத்தில் இருக்கிற நாலு வீட்டுக் கதவையாவது அவளைக் கூட்டிப் போய்த் தட்டு. அவள் கூச்சப்படுவாள் என்று நீயாகவே யாரிடமும் சொல்லி வைக்காதே, கூச்சம் உனக்குத்தான். நீ வேலை முடிந்து வரும்போது வீடு பூட்டியிருந்து, தேநீர் போட ஆள் இல்லாமல், அவள் யார் வீட்டுக்கோ எதற்கோ போயிருக்கிறாள் என்று தெரிந்தால் முகத்தைத் தூக்காதே. அடுப்பைப் பற்றவைத்து நீயே ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, அவளுக்கும் ஒன்று மூடி வை. அன்றைக்கு உன் குடும்பம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

நீ தூங்கப் போன பிறகு சபீனா பாத்திரம் கழுவ வந்தாள். நீ சொன்னதைப் பற்றி அவளாக எதுவும் எடுக்கவில்லை. நான்தான், "என்னம்மா, போகப் பயமா இருக்கா?" என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்ல மாமி. அவுக கூட இருக்கத்தானே நானும் ஆசப்படுறேன்" என்றாள். சட்டியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். அப்புறம், "அவுக வேலைக்குப் போயிட்டா, பொழுதடையுற வரைக்கும் அங்கன என்னைய யாரு மாமி தேடுவா?" என்று கேட்டாள். அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீங்கள் போகப்போவது தெரிந்ததுமே நான் விண்ணப்பித்த பாஸ்போர்ட் போன வாரம் வந்துவிட்டது. விசாரிக்க வந்த போலீஸ்காரர், "இந்த வயசுல எதுக்கும்மா?" என்றார். "மருமகளப் பாக்க" என்றேன். அங்கே வெயில் தணிந்ததும் விசிட் விசா எடுத்து அனுப்பு. வந்தால் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். நீ வேலைக்குப் போன பிறகு அவளோடு உட்கார்ந்து, "இன்னைக்கு ஒன்னைய யாரும்மா தேடுவா?" என்று மட்டும் கேட்பேன். கீழ்வீட்டுக்காரி என்று சொல்லட்டும், பெயர் தெரியாத ஒரு மலையாளத்துப் பிள்ளை என்று சொல்லட்டும், யாராக இருந்தாலும் சரி. நான் இரண்டு வாரம் இருந்து உனக்கு மீன்குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு, நிம்மதியாகத் தனியாகத் திரும்புவேன். அவள் யோசித்து யோசித்துக் கடைசியில் உன் பெயர் ஒன்றை மட்டும் சொன்னாள் என்றால், திரும்புவதற்கு இரண்டு டிக்கெட் எடுத்து வை.

உன் உம்மா